விடுகதை போட்டவனே விடையும் சொல்ல வேண்டும்

“கிரெடிட் ஸ்கோர் பார்க்கலாம் என்று ஒரு ஆப்பைத் திறந்தேன். வங்கிக் கணக்கை இணையுங்கள் என்கிறது. பூட்டுப் படம் போட்டு ‘பாதுகாப்பானது’ என்று வேறு எழுதியிருக்கிறது. இணைக்கலாமா? பாஸ்வேர்ட் அவர்கள் கைக்குப் போய்விடாதா? அதுபோக, ஸ்கோரைப் பார்த்தாலே ஸ்கோர் குறையும் என்கிறார்களே, உண்மையா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் கடனைத் திருப்பிக் கட்டுவீர்களா என்று ஊகிக்கும் அந்த எண், பார்த்ததால் குறையாது. கடனுக்கு விண்ணப்பம் போட்டு, கடன் கொடுப்பவர் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அது பதிவாகும், ஸ்கோரில் கொஞ்சம் உரசும். குறுகிய காலத்தில் பத்து இடத்தில் கடன் கேட்பவர் ஏதோ நெருக்கடியில் இருக்கிறார் என்பது அந்தக் கணக்கின் ஊகம். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பது தனிப் பட்டியலில் போய்விடும், கணக்கில் சேராது. கண்ணாடி பார்த்தால் முகம் தேயும் என்று நம்புவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நன்றாகப் படித்தவர்களே இதை நம்பிக்கொண்டு, அறிக்கையைத் திறக்காமல், அதில் இருக்கும் பிழையை வருஷக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்கு மந்திரமும் தாயத்தும்தான் வேண்டும் என்றில்லை, மூன்று இலக்க எண் ஒன்று போதும்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது. பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதக்காரரும் 1956-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அங்கிருந்து 1989-ல் வந்ததுதான் ஃபைகோ ஸ்கோர். 300-லிருந்து 850 வரை ஓடும். தவணையை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 30, கடன் வரலாறு எவ்வளவு நீளம் என்பதற்கு 15, புதுக் கடனுக்கும் கடன்களின் வகைக்கும் தலா 10. வேறு நாடுகளில் எல்லைகளும் எடைகளும் மாறும், சமையல் ஒன்றுதான். உங்களைப் போன்றவர்களில் திருப்பிக் கட்டியவர் எத்தனை பேர், கட்டாதவர் எத்தனை பேர் என்ற விகிதத்தை எடுத்து, பள்ளியில் படித்த மடக்கையில் போட்டு, பார்க்க அழகான எண்ணாக நீட்டிவிடுவது.

கவனித்தீர்களா, மேலே உள்ள பட்டியலில் வங்கி இருப்பு இல்லை. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பது வழக்கமான ஸ்கோருக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் எதற்கு வங்கிக் கணக்கு? இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்கோர் கேட்பவர் நீங்கள்தான் என்று உறுதிசெய்துகொள்ள என்பது ஒன்று. இரண்டாவது, உங்கள் வரவுசெலவைப் பார்க்க. கடனே வாங்காதவருக்குக் கடன் வரலாறும் இருக்காது. மாதம் தவறாமல் மின்கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் கட்டுபவர் என்பதாவது கணக்கில் ஏறட்டுமே என்ற யோசனை 2018, 2019 வாக்கில் அமெரிக்காவில் சேவையாகவே வந்துவிட்டது. இரண்டாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஆப் நடத்துபவருக்கு லாபமும் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லாத ஆப்புக்கு நான் கதவைத் திறக்க மாட்டேன்.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம்.

முன்பெல்லாம் ‘இணைப்பது’ என்றால் முரட்டு வேலை. உங்கள் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஆப்பிடம் கொடுத்துவிட வேண்டியது. அதன் சர்வர் உங்களைப் போலவே நடித்து வங்கித் தளத்துக்குள் நுழைந்து, திரையில் இருப்பதையெல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டு வரும். நானும் ஒரு காலத்தில் செலவுக்கணக்கு ஆப் ஒன்றுக்கு அப்படிக் கொடுத்தவன்தான். ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றினேன், ஆப்பிடம் சொல்ல மறந்துவிட்டேன். அது ராத்திரி முழுக்கப் பழைய பாஸ்வேர்டை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் என் கணக்கையே பூட்டி வைத்திருந்தார்கள். வங்கியின் பார்வையில் திருடன் வந்தான், விரட்டிவிட்டோம். அந்தத் திருடன் நான்தான் என்று தொலைபேசியில் விளக்கி முடிக்க அரை நாள் ஆனது.

இப்போதைய வழிக்கு ஓஆத் என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் வெளியானது. ‘இணை’ என்று அமுக்கியதும் ஆப் உங்களை வங்கியின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். பாஸ்வேர்டும் ஓடிபியும் அங்கேதான், ஆப்புக்கு அதில் வேலை இல்லை. “இந்த ஆப் உங்கள் இருப்பையும் மூன்று மாதப் பரிவர்த்தனைகளையும் பார்க்கலாமா?” என்பதுபோல வங்கி கேட்கும். சரி என்றால், ஆப்புக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். டோக்கன் என்பது நீளமான ஓர் எழுத்துச் சரம், அவ்வளவுதான். பார்க்க மட்டும் அனுமதி என்று அதில் இருந்தால், அதை வைத்துக்கொண்டு பணம் அனுப்ப முடியாது. காலாவதித் தேதி உண்டு. நீங்கள் நினைத்தால் ரத்து செய்யலாம், அதற்காகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடிக்கையாளர் சம்மதித்தால் வங்கிகள் இப்படி ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்றது. இந்தியாவில் 2021-ல் ஓடத் தொடங்கிய கணக்குத் திரட்டிகளின் (உங்கள் சம்மதத்தோடு வங்கித் தகவலைக் கைமாற்றித் தரும் அமைப்புகள்) உள்வேலை வேறு, ஆனால் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதே என்ற அடிப்படை அதேதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வங்கி டோக்கனை நேராக உங்கள் பிரவுசர் வழியே அனுப்புவதில்லை. பிரவுசர் என்பது சந்தைக்கடை மாதிரி, யார் யாரோ எட்டிப்பார்க்கும் இடம். அதனால் முதலில் ஒரு சிறு துண்டுச்சீட்டு போலத் தற்காலிகக் குறியீடு ஒன்றைத்தான் வங்கி அனுப்பும். ஒரே ஒரு முறைதான் செல்லும், அதிகபட்சம் பத்து நிமிஷம் உயிர் இருக்கலாம் என்பது பரிந்துரை. ஆப் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தனி வழியாக வங்கி சர்வரிடம் போய், டோக்கனாக மாற்றிக்கொள்ளும்.

சீட்டையே நடுவில் யாராவது அடித்துவிட்டால்? செல்போனில் இது நடக்கக்கூடியதுதான். வங்கிப் பக்கத்திலிருந்து ஆப்புக்குத் திரும்பிவர ஒரு விலாசம் வேண்டும். ஒரு சில வகை விலாசங்களை எந்த ஆப்பும் ‘இது என்னுடையது’ என்று போனில் பதிந்துவைக்கலாம். கெட்ட ஆப் ஒன்று அதே விலாசத்தைப் பதிந்திருந்தால், சீட்டு தவறான கைக்குப் போய்ச் சேரும். சீட்டோடு வருபவன் உரியவனா, வழியில் பறித்தவனா என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? ஆப்பும் வங்கியும் முன்பே ஒரு ரகசியச் சொல் பேசிவைக்கலாம் என்றால், ஆப் லட்சக்கணக்கான போன்களில் ஒரே மாதிரி இறங்குகிறது. ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்தாலே ரகசியம் அம்பலம்.

2015-ல் இதற்கு ஒரு தீர்வு வந்தது. அதன் பெயரைப் ‘பிக்ஸி’ என்று உச்சரிக்க வேண்டும் என்று அந்தத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அது விடுகதையாகத்தான் தெரிகிறது. இணைப்பு தொடங்கும்போதே ஆப் தனக்குள் ஒரு விடையைக் கற்பனை செய்துகொள்கிறது, குறைந்தது 43 எழுத்து நீளத்தில், குலுக்கல் முறையில், அந்த ஒரு தடவைக்கு மட்டும். அந்த விடைக்கான விடுகதையை மட்டும் வங்கியிடம் போட்டுவிட்டுப் போகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டோடு ஒருவர் வருகிறார். “சீட்டு இருக்கட்டும், விடுகதைக்கு விடை என்ன?” என்கிறது வங்கி. பறித்தவனிடம் சீட்டு உண்டு, விடை இல்லை. விடுகதை அவன் காதில் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஏனென்றால் அது யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய விடுகதை அல்ல.

அப்படி ஒரு விடுகதையை எப்படிச் செய்வது? காகிதம் எடுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று, 4567 என்று வைப்போம். அதன் வர்க்கம் 2,08,57,489. எட்டு இலக்கங்களில் முன்னால் இரண்டையும் பின்னால் இரண்டையும் எறிந்துவிட்டு நடுவில் இருப்பதை எடுத்தால் 8574. இதுதான் விடுகதை. இனி உங்கள் நண்பரிடம் 8574-ஐ மட்டும் கொடுத்து, நான் நினைத்த எண் எது என்று கேளுங்கள். வர்க்கமூலம் எடுக்கலாம் என்றால் எதற்கு எடுப்பது? பாதி இலக்கங்கள் குப்பையில். பக்கத்து எண்ணான 4568-ஐப் போட்டால் 8666 வருகிறது, பொம்மை என்பதால் “கிட்டே வந்துவிட்டேனா?” என்று தடவிப் பார்க்கக் கொஞ்சம் தடயம் மிஞ்சுகிறது, நிஜ முறையில் அதுவும் இருக்காது. பல எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் விடையைச் சொன்னால் சரிபார்ப்பது ஒரு பெருக்கல் கணக்கு. கறந்த பால் மடி புகாது என்பார்களே, அதைக் கணக்கில் செய்து வைத்திருக்கிறார்கள்.

நம் பொம்மையில் மொத்தமே ஒன்பதாயிரம் எண்கள், கணினி கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும். நிஜத்தில் பயன்படுவது ஷா-256 என்ற ஹாஷ் முறை, அதாவது கொடுத்ததை இப்படி விடுகதையாக அரைத்துத் தரும் கணக்கு. எதைப் போட்டாலும் 256 பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1) நீளத்தில் ஒரு விடுகதை வரும். அப்படி வரக்கூடிய விடுகதைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். பிட்காயின் தோண்டும் இயந்திரங்கள் உலகம் முழுக்க இதே ஷா-256-ஐத்தான் ராப்பகலாக அரைத்துக்கொண்டிருக்கின்றன, நொடிக்கு 1-க்குப் பின்னால் 20 பூஜ்யம் போட்ட அளவுக்கும் மேல். அத்தனையையும் திருப்பிவிட்டாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், போட்ட எழுத்துகளை 32 பிட் துண்டுகளாக வெட்டி, சுழற்றி, கூட்டி, ஒன்றோடொன்று கலந்து, இதையே 64 சுற்று செய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாறிலி சேரும். அந்த மாறிலிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? முதல் 64 பகா எண்களின் கனமூலங்களில் தசமப்புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியிலிருந்து. ஆரம்பத்தில் வைக்கும் எட்டு மாறிலிகள் முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களிலிருந்து. 2-இன் வர்க்கமூலம் 1.41421356 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த .41421356 இப்போது உங்கள் வங்கி இணைப்பின் வாசலில் நிற்கிறது. ஏன் பகா எண்கள்? இந்த முறையை வடிவமைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, அதாவது ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு. அவர்கள் இஷ்டத்துக்கு எண்களை வைத்திருந்தால், இதில் ஏதோ கள்ளச்சாவி ஒளிந்திருக்கிறது என்று ஊரே சந்தேகப்பட்டிருக்கும். 2-இன் வர்க்கமூலத்தை யாரும் தனக்குச் சாதகமாக வளைக்க முடியாது. வித்தைக்காரன் முழங்கை வரை சட்டையை மடித்துக் காட்டுவது போல. இதை முதன்முதலில் படித்தபோது நான் சிரித்தேவிட்டேன்.

ஆனால் சட்டையை மடித்துக் காட்டினால் மட்டும் நம்பிவிட முடியுமா? உடைக்க முயன்று தோற்றவர்கள் வேண்டும். ஷா-256-க்கு முந்தைய எம்டி5 முறையில் இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரவைக்கலாம் என்று 2004-ல் சீனாவின் வாங் ஷியாவ்யுன் குழு காட்டியது. ஷா-1-க்கு அதே கதி 2017-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களாலும் கூகுளாலும் நேர்ந்தது. ஷா-256 இன்னும் நிற்கிறது. ஓடுகிற பொருளை உடைத்துப் பார்ப்பதற்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்கும் நிதிக்குழுக்கள் உண்டு. புதிதாக ஏதாவது செய், ஆப் செய், காப்புரிமை வாங்கு என்பார்கள். என்னைக் கேட்டால் உடைப்பவர்களுக்குத்தான் முதல் காசோலை எழுத வேண்டும். அவர்கள் பட்டப்பகலில் உடைக்காவிட்டால் வேறு யாரோ சத்தமில்லாமல் உடைப்பார்கள், அப்போது கட்டுரை வெளியாகாது.

இவ்வளவு அழகான விடுகதையும் ஒரு இடத்தில் கைவிட்டுவிடும். வங்கிப் பக்கம் மாதிரியே வரைந்த போலிப் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தால், அங்கே ஓஆத்தும் இல்லை, பிக்ஸியும் இல்லை. அந்தப் பூட்டுப் படத்துக்கும் மதிப்பில்லை, படம் யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆகவே, வாசகி அவர்களே, ‘இணை’ என்று அமுக்கியதும் நீங்கள் எங்கே போய் நிற்கிறீர்கள் என்று விலாசப் பட்டையைப் பாருங்கள். வங்கியின் சொந்த விலாசமாகவோ, வங்கியின் சொந்த ஆப்பாகவோ இருக்க வேண்டும். ஆப்புக்குள்ளேயே ஒரு கட்டத்தைக் காட்டி வங்கி பாஸ்வேர்டைக் கேட்டால் அது என் பழைய கதைதான், வெளியே வந்துவிடுங்கள். அனுமதிப் பக்கத்தில் ‘பார்க்க மட்டும்’ என்று இருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்று இருக்கிறதா என்பதையும் படித்துவிட்டுச் சம்மதியுங்கள்.

இதை எழுதி முடிக்கும் முன், என் வங்கித் தளத்தில் ‘இணைக்கப்பட்ட செயலிகள்’ பக்கத்தை நானே ஒருமுறை திறந்து பார்த்தேன். மூன்று இருந்தன. ஒன்று எப்போது இணைத்தேன், எதற்கு இணைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ரத்து செய்துவிட்டேன்.