ஸ்டெயின்ட் கிளாஸ்: கறையா, சாயமா, நிறமா?

தேவாலயச் சன்னல்களில் படங்களாக ஒளிரும் வண்ணக் கண்ணாடியான ஸ்டெயின்ட் கிளாஸைச் சில மொழிபெயர்ப்புகள் 'கறை படிந்த கண்ணாடி' ஆக்கிவிடுகின்றன. படிப்பவருக்குத் துடைக்க மறந்த சன்னல்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தின் 'ஸ்டெயின்' பழைய பிரெஞ்சு வழி வந்தது. அதன் வேர் லத்தீனின் 'திங்கெரே', அதாவது சாயத்தில் தோய்த்தல். நமக்குப் பழகிய 'டிஞ்சர்' மருந்தின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாயத்தின் பேச்சே இல்லை. கண்ணாடியைக் குறிக்கும் லத்தீன் 'வித்ரும்' சொல்லிலிருந்து 'வித்ராய்' என்கிறார்கள். ஜெர்மானியர் 'கிளாஸ்மாலெரய்', கண்ணாடி ஓவியம், என்கிறார்கள்.

உண்மையில் இந்தச் சன்னலில் சாயம் ஏறுவது ஒரே ஒரு கட்டத்தில்தான். பெரும்பாலான நிறங்கள் கண்ணாடி உருகும்போதே கலக்கப்படுபவை: நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, சிவப்புக்குச் செம்பு. செம்புச் சிவப்பு முழுக் கனத்துக்கும் இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். ஆகவே தெளிந்த கண்ணாடிமேல் மெல்லிய தோலாக ஏற்றுவார்கள். அந்தத் தோலைச் சுரண்டினால் சிவப்புக்குள் வெள்ளைக் கோலம் கிடைக்கும்.

முகம், விரல், துணிமடிப்பு ஆகியவை இரும்பு அல்லது செம்பு ஆக்சைடுடன் கண்ணாடித்தூள் கலந்த கருமைப்பூச்சால் வரையப்படும். சூளையில் ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒட்டும். வேகாவிட்டால் பின்னாளில் உதிரும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குறைந்த சூட்டிலேயே ஒட்டட்டும் என்று வெண்காரம் சேர்த்தார்கள். ஈரம் பட்டுப் பூச்சு கரைந்தது, பல புனிதர்கள் முகம் இல்லாமல் நிற்கிறார்கள்.

கடைசிக் கட்டம்தான் சாயம். வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணில் குழைத்துக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சற்றுக் குறைந்த சூட்டில் சுடுவார்கள். வெள்ளி உள்ளே இறங்கி மஞ்சளாகும்; மண்ணைத் துடைத்துவிடலாம். சூடு மிஞ்சினால் பழுப்பேறி உலோகப் பளபளப்பு தட்டும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய முறை இது. அதற்குமுன் பொன்னிற ஒளிவட்டம் வேண்டுமென்றால் மஞ்சள் துண்டைத் தனியே வெட்டி, இருபுறமும் பள்ளமுள்ள ஈயப்பட்டையால் கோக்க வேண்டும். வெள்ளிச் சாயம் வந்தபின் முகம், கூந்தல், ஒளிவட்டம் மூன்றும் ஒரே துண்டில் அடங்கின.

குறியீடுகளில் முதன்மையானது ஒளி. கண்ணாடியை உடைக்காமல் கதிரவன் ஊடுருவுவதை, மரியாவின் கன்னிமை கெடாமல் கிறிஸ்து பிறந்ததற்கு உவமையாக இடைக்காலத்தார் சொன்னார்கள். உருவங்கள் அதற்கு அடுத்தவை. சிலுவை பொறித்த ஒளிவட்டம் கிறிஸ்துவுக்கு. திறவுகோல் பேதுருவுக்கு, வாள் பவுலுக்கு. தன் குருதியால் குஞ்சுகளை ஊட்டும் கூழைக்கடா சிலுவைப் பலிக்கு. பல கதைச் சன்னல்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் முடிவுதான் முதலில் வரும். பிரான்சின் சார்த்ர் பேராலயத் தென்புறத்தில் பழைய ஏற்பாட்டின் இறைவாக்கினர் எசாயா தோளில் நற்செய்தி எழுதிய மத்தேயுவும், எரேமியா தோளில் லூக்காவும் அமர்ந்திருக்கிறார்கள். பழைய ஏற்பாடு புதியதைத் தாங்குகிறது என்பதை ஒரு தோளேற்றத்தில் சொல்லிவிட்டார்கள்! ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே பொருள் என்று அகராதி போடுவது வீண்வேலை. மரியாவின் மேலாடையில் நீலம் மரபு. அதே நீலம் பக்கத்துச் சன்னலில் வெறும் பின்னணி. எல்லாருக்கும் இந்த வண்ணச் சன்னல்கள் உவப்பாகவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டுச் சிஸ்டெர்சியன் துறவியர் தம் சன்னல்கள் வெண்மையாக, படமின்றி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

தமிழுக்கு வருவோம். 'கண்ணாடி ஓவியம்' பொருந்தாது; கண்ணாடியின் பின்புறம் வரைந்து சுவரில் மாட்டும் படத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அது முன்னொளியில் தெரிவது, இது பின்னொளியில். சன்னலைக் குறிக்கும் 'காலதர்' காற்றின் வழி என்று பொருள்படுவதால் திறக்காத இந்தச் சன்னலுக்கு ஒவ்வாது. கண்ணாடிப் பொருளுக்கு 'நிறக்கண்ணாடி', முழு வேலைப்பாட்டுக்கு 'வண்ணக் கண்ணாடிச் சாளரம்', மஞ்சளுக்கு மட்டும் 'வெள்ளிச் சாயம்' என்று பிரித்து எழுதினால் குழப்பமில்லை. பழைய கண்ணாடிகள் சிலவற்றில் மாங்கனீசு ஆக்சிசனேற்றம் அடைந்து பழுப்புத் திட்டு படர்வதுண்டு. கறை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.