நல்லூர்த் திருவிழாவில் கேட்ட வாடகை

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போன கையோடு டொரொன்டோவில் இருந்து ஒருவர் எனக்குக் கோல் எடுத்தார். "சேர், கோண்டாவில் பக்கம் ஒரு மேல்மாடி வீடு பார்த்திட்டன். மாசம் ஒரு லட்சம் வாடகை வருமாம். உறுதி எப்ப எழுதலாம்?"

"அந்த ஒரு லட்சத்தை ஆர் தரப்போறது?" என்று கேட்டேன்.

மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதை நான் கேக்கேல்லை சேர். புரோக்கர் சொன்னவர்."

நான் நொத்தாரிசு. காணி, வீடு கைமாறும்போது உறுதி, அதாவது கிரயப் பத்திரம், எழுதுவதுதான் என் தொழில். ஆனாலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு முதன்முதலாக வாடகைக்கென்று வீடு வாங்க வருபவர்களிடம், உறுதிப் பேச்சு எடுக்க முன்னமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். காணி பரப்பு என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். அந்த வீட்டில் யார் குடியிருப்பார், என்ன சம்பளம் எடுக்கிறவர் என்று விசாரித்து வந்தவர்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் காணிச் சந்தையும் வாடகைச் சந்தையும் ஒன்றல்ல. காணி விலையை ஏற்றுவது வெளிநாட்டுக் காசும் பிறந்த ஊர்ப் பாசமும். வாடகையோ இங்கே ரூபாயில் சம்பளம் எடுக்கும் ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர் ஆகியோரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். வீடு மூன்று கோடி ரூபாய், வாடகை மாதம் 60,000. வருடத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கைக்கு வருவது 6 லட்சம், போட்ட காசுக்கு நூற்றுக்கு 2. உறுதி முடிக்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை ஏறக்குறைய நூற்றுக்கு 4, அதாவது 12 லட்சம். முதல் இரண்டு வருட வாடகை அதற்கே சரி. பெயின்ட், தண்ணீர் மோட்டர், ஆதனவரி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய் வரை போனதையும் மறக்க வேண்டாம். வாடகைக்காரர் தருவது ரூபாய்.

அந்தக் கோண்டாவில் வீட்டை நானே ஒரு பின்னேரம் போய்ப் பார்த்தேன். கேற்றின் கம்பிகளுக்கு இடையில் மின்சார பில்கள் செருகியபடி வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தன. ஒன்றை எட்டிப் பார்த்தேன். அந்த மாதம் ஓடிய அலகு மூன்று. ஒழுங்கை முகப்பில் இருந்த கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "அந்த வீடோ தம்பி? பாங்க் மனேச்சர் குடும்பம் இருந்தது. மாற்றலாகிப் போட்டினம். எட்டு மாசமாப் பூட்டித்தான் கிடக்கு. நாப்பத்தைஞ்சாயிரம் குடுத்தவை எண்டு நினைக்கிறன்."

அன்றிலிருந்து வாங்க வருபவர்களிடம் நான் சொல்வது: விற்பவரிடம் கடைசிப் பன்னிரண்டு மாத மின்சார பில்லைக் கேளுங்கள். ஆள் இருந்த வீடா, பூட்டிக் கிடந்த வீடா என்பதை அந்த அலகுகள் சொல்லிவிடும். பில் காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

திருவிழா நடக்கும் 25 நாளும் நல்லூரைச் சுற்றி அறை எடுப்பதே பாடு. அந்த நாட்களில் கேட்ட விலையைப் பன்னிரண்டால் பெருக்குவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. முடிந்தால் கார்த்திகையில் வாருங்கள். வர முடியாவிட்டால் உறவில் ஒருவரை மழை நாளில் அந்த ஒழுங்கைக்கு அனுப்பி வீடியோ கோலில் காட்டச் சொல்லுங்கள். ஆவணியில் காய்ந்து கிடக்கும் தரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரியும். கிணற்றுத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் நிலம் இது. கடற்கரைப் பக்கம் பல கிணறுகள் உவர். பழைய உறுதிகளில் 'கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று எழுதியிருந்தால், வாடகைக்கு வருபவர் தண்ணீருக்கு அயலவரோடு பங்கு போடவேண்டும் என்று அர்த்தம்.

'பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட' என்ற விளம்பரத்தையும் ஆராயவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இங்கத்தைத் திருநெல்வேலியில் மாணவர் தேவை உண்மையானது. ஆனால் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். தவிர, மாணவர்கள் ஆள் கணக்கில் வாடகை கொடுப்பவர்கள், நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய்விடுவார்கள். முன்பகுதியில் வீட்டுக்காரர் இருந்து பார்க்கும் இடங்களில் அது நன்றாக ஓடும். கடல் தாண்டி இருப்பவருக்கு அது சுமை. போர் முடிந்த காலத்தில் தொண்டு நிறுவனங்கள் பெரிய வீடுகளுக்குக் கொடுத்த வாடகையை இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்த வாடகைக்காரர்கள் போய்க் கனகாலம்.

சட்டத்தில் இரண்டு விடயம் மட்டும். உங்களிடம் இருப்பது வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமென்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. தம்பியின் பெயரில் வாங்கி வைப்போம் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெயர் யாருக்கோ காணியும் அவருக்கே. அடுத்தது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். ஒற்றைத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு வாடகைக்காரர் வீட்டை விட்டு எழும்பவில்லை என்று வருபவர்கள் எத்தனை பேர்!

டொரொன்டோக்காரர் அந்த வீட்டை விட்டுவிட்டார். கார்த்திகையில் அவருடைய மச்சாள் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மூன்று வீடு பார்த்தார். இரண்டில் முழங்கால் அளவு வெள்ளம். மூன்றாவதில் ஒரு தாதி குடும்பம் ஆறு வருடமாக இருக்கிறது, மாதம் 38,000. போக மனமில்லையாம். அந்தக் காணிக்குத் தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டில் உரிமை விபரம், தேடக் கொடுத்திருக்கிறேன்.