தூக்கி வளர்த்த பிள்ளைக்குப் பத்திரம் எங்கே?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் "தூக்கி வளர்த்த பிள்ளை" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தாய் இறந்திருப்பாள், அல்லது வயிற்றுப்பிழைப்புக்காக ஜொகூர் பக்கம் போயிருப்பாள். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவார். காரியம் முடிந்தது என்று இரண்டு வீட்டாரும் நினைப்பார்கள். பிள்ளைக்கு 12 வயதாகி அடையாள அட்டை எடுக்கப் பதிவிலாகா முகப்பில் நிற்கும்போதுதான் சட்டப்படி எதுவுமே முடியவில்லை, பிள்ளை தத்தெடுக்கப்படவே இல்லை என்று தெரியவரும்.

யாக்கோபு 1:27 நமக்கு மனப்பாடம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி. ஆனால் தத்து என்பதன் முழுப் பொருளையும் பவுலிடம் பார்க்க வேண்டும். ரோமர் 8:15 "புத்திர சுவிகாரத்தின் ஆவி" என்கிறது. சுவிகாரம் என்றால் தத்து. இரண்டு வசனம் தள்ளி, "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" என்கிறார். சுதந்தரர் என்றால் வாரிசு, சுதந்தரம் என்றால் வாரிசுரிமை. அன்றைய ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளை பெற்ற பிள்ளையைப் போலவே வாரிசு. சுதந்தரம் இல்லாத சுவிகாரத்தைப் பவுல் பேசவே இல்லை. நம் சபைகளில் பாசம் நிறைய இருக்கிறது, சுதந்தரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்பதால் குழப்பமும் அதிகம். முதலாவது தத்தெடுப்புப் பதிவுச் சட்டம், எண் 253. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தவர்கள் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் வேண்டாம், செலவும் குறைவு. அதனால்தான் பலர் இதில் நின்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பதிவு வாரிசுரிமை தராது. இரண்டாவது தத்தெடுப்புச் சட்டம், எண் 257. இது நீதிமன்றம் வழியாக நடப்பது. கட்டளை கிடைத்ததும் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை.

வித்தியாசம் வீட்டில் சாவு விழும்போது தெரியும். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிரிப்பார்கள். அதில் "பிள்ளை" என்ற சொல்லுக்குள் சட்டம் 257இன்படி தத்தெடுத்த பிள்ளை வரும், மற்ற வளர்ப்புப் பிள்ளைகள் வர மாட்டார்கள். தகப்பனைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லாத வீட்டில் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. வெறும் பதிவோடு நின்ற பிள்ளைக்கு அந்த இரண்டு பங்கில் ஒரு காசும் இல்லை. கணவனும் பெற்றோரும் இல்லாத, பிள்ளை பெறாத ஓர் அம்மா தோட்டம் மூடியபோது கிடைத்த சிறிய வீட்டை விட்டுவிட்டு இறந்தால், இருபது வருஷம் அவரைப் பார்த்துக்கொண்ட வளர்ப்பு மகளைத் தாண்டி வீடு அவருடைய உடன்பிறந்தவர்களுக்குப் போகும். ஏற்கெனவே பதிவோடு நின்றுவிட்டவர்கள் இன்றே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து கையெழுத்திட வேண்டும், உயிலில் பங்கு பெறுகிறவர் சாட்சியாக நிற்கக்கூடாது.

நீதிமன்ற வழி பயப்படும் அளவுக்குக் கடினமில்லை, ஆனால் வரிசை தவறக்கூடாது. பிள்ளை கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சார் மாவட்ட அலுவலகம். இது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 35ஆம் பிரிவின் கட்டாயம். எடுத்தவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் தெரிவிக்க வேண்டும். கோயில் வாசலிலோ பேருந்து நிலையத்திலோ கிடந்த குழந்தை என்றால் முதலில் போலீஸ், பிறகு மருத்துவமனை. நேரே வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். இரவு நேரமென்றால் 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்து, பிள்ளை உங்களோடு குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். தத்தெடுக்கப் போகிறோம் என்று சமூக நல இலாகாவுக்கு எழுத்தில் கொடுத்தும் மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மறந்துவிட்டு ஒரு வருஷம் வளர்த்தாலும் நீதிமன்றத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் ஒருவருக்காவது 25 வயது நிறைந்து, பிள்ளையைவிட 21 வயது மூப்பு இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை போன்ற உறவென்றால் 21 வயது போதும். தனி ஆண் ஒருவர் பெண் பிள்ளையைத் தத்தெடுக்க நீதிமன்றம் எளிதில் சம்மதிக்காது. வழக்கு பதிந்ததும் பிள்ளையின் நலனைப் பார்க்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும், பெரும்பாலும் சமூக நல அதிகாரி. அவர் வீட்டுக்கு வருவார். வீட்டின் அளவைவிட, பிள்ளை யாரோடு தூங்குகிறது, பகலில் யார் பார்க்கிறார்கள், வீட்டில் குடிப்பழக்கம் உண்டா என்பதையே கவனிப்பார். மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றவர்களின் சம்மதம் அவசியம். அவர்கள் கைவிட்டுப் போயிருந்தாலோ எங்கே தேடியும் கிடைக்காவிட்டாலோ அந்தச் சம்மதம் இல்லாமலேயே நீதிமன்றம் கட்டளை தரலாம். தேடியதற்கு அத்தாட்சி வேண்டும். போலீஸ் புகார், கடைசி முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள்.

பெரும் சிக்கல் பிறப்புப் பத்திரத்தில்தான். தாய் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே அவருடைய அடையாள அட்டை நகல், கர்ப்பகாலக் கிளினிக் புத்தகம், மருத்துவமனைக் கடிதம் மூன்றையும் வாங்கிவிடுங்கள். பெற்றவள் பெயரில் உண்மையான பிறப்புப் பதிவு முதலில் வேண்டும். உங்கள் பெயரிலேயே "நான்தான் பெற்றேன்" என்று பதிந்து தர ஒருவர் முன்வந்தால் அவரிடமிருந்து விலகுங்கள். அது குற்றம், அதன் தண்டனை கடைசியில் பிள்ளைமேல் விழும். பணம் கைமாறுவதும் அப்படியே. பிள்ளைக்கு விலை கொடுப்பது சிறார் சட்டம் 48ஆம் பிரிவில் குற்றம். "செலவுக்கு" என்ற பெயர் மாற்றம் உதவாது. தாய்க்கு உதவ மனமிருந்தால் சபை நிதியிலிருந்து, பிள்ளையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உதவுங்கள்.

குடியுரிமையையும் முன்கூட்டியே பாருங்கள். 1982 மார்ச் 1க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதியாமல் வாழ்ந்தவர்களின் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே வரும். தாய் வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை குடிமகன் ஆகாது. தத்துக் கட்டளை கிடைத்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது. அரசியலமைப்பின் 15A பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பிள்ளை முஸ்லிம் என்றால் சட்டம் 257 அதற்குப் பொருந்தாது.

சபைத் தலைவர்களுக்கு ஒன்று. பாஸ்டர் வீட்டில் நான்கு பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரித்தால் அது 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் வந்துவிடும், பதிவு வேண்டும். இல்லம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பிள்ளையின் தாயோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்களா? இருந்தால் அரிசி, வாடகை, பள்ளி பஸ் காசு கொடுத்துப் பிள்ளையை அங்கேயே வளரவிட முடியுமா? யாக்கோபு திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒரே மூச்சில் சொன்னதை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம்.

கட்டளை கிடைத்ததும் அதைப் பதிவிலாகாவில் காட்டி, வளர்ப்புப் பெற்றோர் பெயரிட்ட புதிய பிறப்புப் பத்திரம் வாங்குங்கள். பழைய தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். பெற்றவளின் பெயர், ஊர், குடும்பத்தில் ஓடும் சர்க்கரை நோய், இரத்த நோய் எல்லாம் எழுதி அதே கோப்பில் வையுங்கள். பள்ளிக்குப் போவதற்கு முன்பே பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள், லயத்தில் யாராவது சொல்வதற்கு முன். மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்க்கும் சின்ன ஊர் இது. கல்யாணப் பேச்சு எடுக்கும் நாளில், பெண் யார் வயிற்றில் பிறந்தவள் என்று அந்தக் கோப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.