பொறுமைக்கும் தவணை உண்டு

"சொந்தக்காரர்தானே, பிறகு கதைக்கலாம் என்று விட்டுவிட்டோம்." எல்லைத் தகராறோடு சட்டத்தரணியான என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

யாழ்ப்பாணத்து வேலி ஒரே நாளில் நகர்வதில்லை. பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாக நடும் புதுக் கதியால் நாலு விரல் இந்தப் பக்கம் வரும். அடுத்த முறை வேலி அடைக்கும்போது இன்னும் நாலு விரல். நாங்களும் பார்த்தும் பாராததுபோல் இருப்போம். பிறகொரு நாள் அயலவர் மதிலுக்கு அத்திவாரம் வெட்டுவார். அன்றைக்குத்தான் கத்தியும் பொல்லும் வெளியே வரும். வாய்மூடி இருப்பது அல்லது கைநீட்டுவது என்ற இரண்டுக்கும் இடையில் உள்ள வழிகளில் நம்மவர்கள் இறங்குவது குறைவு.

சட்டமோ அந்த மௌன நாட்களையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. உங்கள் காணித்துண்டை ஒருவர் உங்கள் அனுமதியில் தங்கியிராமல், தன்னுடையதாகவே 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டுவந்தால், அது தனக்கே சொந்தம் என்று ஆட்சியுரிமை கோரலாம். காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தும் பயனில்லாமல் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு அவகாசம் இன்னும் குறைவு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் நாங்கள் '66ஆம் பிரிவு' என்று சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. சமாதானக் குலைவு ஏற்படலாம் என்னும் நிலையில் பொலிசாரோ பாதிக்கப்பட்டவரோ அதைத் தாக்கல் செய்யலாம். வெளியேற்றம் தாக்கலுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நடந்திருந்தால், காணியை உங்கள் கையில் திரும்ப ஒப்படைக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். இறுதி உரித்து யாருக்கு என்பது மாவட்ட நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய வேறு கதை.

பொலிசுக்குப் போகத் தயங்குவதற்கு மொழியும் ஒரு காரணம். முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் விதி. அலுவலரால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நீங்களே உங்கள் மொழியில் எழுதிக் கொடுக்குமாறு அவர் கேட்க வேண்டும். ஆகவே விளங்காத எழுத்துக்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அநீதி செய்வது அரச அதிகாரியாக இருந்தால் தவணை ஒரே ஒரு மாதம். அதற்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்கு உடனே போக வசதியில்லாதவர் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதை அறியாமல் ஆறு மாதம் கழித்து வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வது?

"விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்திமதி பெரும்பாலும் விதவைக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள முதியவருக்கும்தான் கிடைக்கிறது. மதில் கட்டுகிறவரிடம் யாரும் அப்படிச் சொல்லக் காணோம்.

பேசித் தீர்க்க விரும்புகிறவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் யாருக்காகவும் தோன்ற முடியாது. எங்கள் பேச்சு இல்லாததாலோ என்னவோ, சில பிணக்குகள் அங்கே விரைவாகவே தீர்ந்துவிடுகின்றன. இணக்கம் வந்தால் எழுத்தில் பெறுங்கள். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழைக் கேளுங்கள். ஆனால் இரண்டு மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் சபையின் அடுத்த தவணைவரை காத்திராமல், உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.