சத்தம் வராத ஆம்ப்பும் ஆசிலேட் ஆகும்

வீட்டில் ஹெட்போன் ஆம்ப் கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சிமோய் (CMoy) என்ற எளிய சர்க்யூட்டில்தான். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு இரட்டை ஆப்-ஆம்ப் (இடது, வலது சிக்னலைப் பெருக்கும் எட்டுக்கால் சிப்), கைக்கு அடக்கமான டப்பா. 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் காது உடனே பிடித்துவிடும். ஆசிலேஷன், அதாவது உள்ளீடு இல்லாமலே ஆம்ப் தானாக அலை கிளப்புவது, அப்படியல்ல. அது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுவதால் காதுக்கு எட்டாது. பாட்டு லேசாகக் கரகரக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், சிப் சுடும். சரியாக ஓடும் சிப் தொட்டால் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது.

அதனால் ஹெட்போனைச் செருகும் முன் அளந்து பாருங்கள். ஜாக்கின் இடது, வலது முனைகளில் கிரவுண்டோடு ஒப்பிட்டு டிசி பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் வயரிங் தவறு, ஹெட்போன் சுருள் பாழாகும். அடுத்து, பேட்டரி கம்பியில் மீட்டரைத் தொடராக வைத்துக் கரன்ட் பாருங்கள். ஆப்-ஆம்ப் ஓபிஏ 2134 என்றால் சிப்புக்கு 8 மில்லிஆம்பியர், வோல்டேஜைப் பிரிக்கும் இரண்டு 4.7 கே ரெசிஸ்டர்களுக்கு 1, எல்இடிக்கு ஒன்றிரண்டு. மொத்தம் 10 முதல் 11. எங்கும் ஷார்ட் இல்லாமல் 25, 30 காட்டினால் ஆசிலேஷனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஏசி ரேஞ்ச் இதைக் காட்டாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் புரோபை 10எக்ஸில் வையுங்கள்; 1எக்ஸில் புரோபின் கெப்பாசிட்டன்ஸே புதிதாக ஆசிலேஷனைக் கிளப்பிவிடும்.

மருந்து பெரும்பாலும் சிப்பின் காலடியிலேயே இருக்கிறது. பவர் வரும் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் நடுவே ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர், கால்களை ஒட்ட வெட்டி, 5 மில்லிமீட்டருக்குள். மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சிப்புக்குக் கரன்ட் தருவது இதன் வேலை; போர்டின் ஓரத்தில் நிற்கும் 220 மைக்ரோஃபாரட் இந்த வேலையைச் செய்யாது. நீளமான கம்பியின் இண்டக்டன்ஸ் நடுவில் நிற்கிறது. அவுட்புட்டின் ஒரு பங்கை 2, 6ஆம் கால்களுக்குத் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களும் சிப்பை ஒட்டியே இருக்க வேண்டும். பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் பலகையில்) வேகமான சிப்பை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஹெட்போன் வயரைச் செருகினால் மட்டும் கரன்ட் ஏறுகிறதா? வயரின் சில நூறு பிகோஃபாரட் அவுட்புட்டைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் கூடினால் நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவாகிவிடும். அவுட்புட் வரும் 1, 7ஆம் கால்களிலேயே ஆளுக்கொரு 10 ஓம் தொடராகப் போடுங்கள், போதாவிட்டால் 47 வரை போகலாம். ஆனால் 16 ஓம் இயர்போனுக்கு 47 போட்டால் சிக்னல் வோல்டேஜில் கால் பங்குதான் மிஞ்சும். 10 கே ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 33 பிகோஃபாரட் வைப்பதும் பல போர்டுகளில் உதவும். கெய்னை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) 11லிருந்து 2க்கு இறக்கியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: கெய்ன் குறையக் குறைய ஃபீட்பேக் கூடும், சிப் ஆசிலேஷனுக்கு இன்னும் நெருங்கும்.

ஹம் எளிது. வால்யூம் குமிழைத் தொட்டதும் மாறினால் பொட்டென்ஷியோமீட்டரின் உலோக உடல் கிரவுண்டில் இல்லை. அடாப்டரில் மட்டும் வந்தால் ரெக்டிஃபையரின் 100 ஹெர்ட்ஸ். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிமோயின் கிரவுண்ட் பேட்டரி வோல்டேஜை அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் பிரிக்கும் நடுப்புள்ளி, நெகட்டிவ் அல்ல. லேப்டாப்பில் பாட்டின் கிரவுண்டும் பவரின் நெகட்டிவும் ஒன்றே என்பதால், ஒரே லேப்டாப்பிலிருந்து பவரும் பாட்டும் எடுத்தால் பாதி சப்ளை ஷார்ட் ஆகும்.

சரிசெய்த பிறகு வயரைச் செருகியபடியே வால்யூமை அடியில், நடுவில், உச்சியில் வைத்து மூன்று முறை கரன்ட் பாருங்கள். நடுவில் மட்டும் ஏறும் போர்டுகளும் உண்டு.