ஒரு டன் பாறையில் ஒரு கிராம்: தங்கச் சுரங்கம் வேண்டாம் என்று ஊர்கள் ஏன் சொல்கின்றன?

2003 மார்ச் 23 அன்று அர்ஜென்டினாவின் படகோனியா பகுதியில் உள்ள எஸ்கெல் என்ற ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்குப் பக்கத்தில் திறந்தவெளித் தங்கச் சுரங்கம் வரலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. 81 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். பொருளாதார நெருக்கடியில் நாடே திவாலாகி, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம் அது. அதற்கு முந்தைய ஆண்டு பெருவில், எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் பெயர் போன தம்போகிராந்தேயிலும் பெரும்பான்மையினர் இதையே சொன்னார்கள். கையில் காசில்லாத நேரத்தில் தங்கத்தை வேண்டாம் என்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சுரங்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அவர்கள் போட்ட கணக்கு புரியும்.

இன்றைய திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் தாதுவில் இருக்கும் தங்கம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பாறை முழுக்க விரவிக் கிடக்கும். 10 கிராம் மோதிரத்துக்குக் குறைந்தது 10 டன் தாது வேண்டும். அந்தத் தாதுவை எட்டுவதற்கு, தங்கமே இல்லாத பாறையை அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு வெடி வைத்துப் பெயர்க்க வேண்டியிருக்கும். தங்கம் வெளியூர் போய்விடும். மீதி அத்தனையும் ஊரிலேயே கிடக்கும்.

விரவிக் கிடக்கும் தங்கத்தைப் பிரிக்க உதவுவது சயனைடு. 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை இது. தாதுவை நொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குன்றாகக் குவிப்பார்கள். மேலே சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களைப் பரப்பி, நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு சயனைடு தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு அடியில் வடியும். அதைக் கிளர்வூட்டிய கரியின் வழியாக ஓடவிட்டால் தங்கம் கரியில் ஒட்டிக்கொள்ளும். (இந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையில் செய்தது.) தரமான தாது என்றால் குவிக்காமல் மாவாக அரைத்து, தொட்டியில் சயனைடோடு கலக்குவார்கள். தங்கம் எடுத்தபின் எஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்குவார்கள். ருமேனியாவின் ரோசியா மோன்டானா திட்டத்தில் இப்படி ஒரு அணையை 185 மீட்டர் உயரத்துக்கு எழுப்புவதாக இருந்தார்கள்.

கரைசலில் சுண்ணாம்பு சேர்த்து காரத்தன்மையை உயர்த்தி வைத்திருக்கும்வரை சயனைடு அடங்கிக் கிடக்கும். காரம் குறைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகக் கிளம்பும். அது உயிரணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுத்துவிடும். மீன்களைக் கொல்ல மிகச் சிறிய அளவே போதும். 2000 ஜனவரி 30 இரவு, ருமேனியாவின் பாயா மாரே அருகே பனியும் மழையும் சேர்ந்து நிரம்பிய கழிவணை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் ஆறுகளில் இறங்கி, ஹங்கேரியின் திசா வழியாக டான்யூப் வரை போனது. திசாவில் ஆயிரம் டன்னுக்கும் மேல் மீன்கள் செத்து மிதந்தன. சயனைடு என்ற சொல்லே சுரங்க எதிர்ப்பாளர்களின் முழக்கமாக மாறியதில் வியப்பில்லை.

ஆனாலும், இரண்டு தரப்பும் சயனைடைப் பற்றியே அதிகம் பேசிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. சயனைடு வெயிலில் சிதையும், அதை வேதிமுறையில் அழிக்கவும் வழி உண்டு என்று நிறுவனங்கள் சொல்வது சரிதான். நீண்ட காலத் தலைவலி பாறைக்குள்ளேயே இருக்கிறது. தங்கத் தாதுவோடு பைரைட் என்ற இரும்பு சல்பைடு அடிக்கடி சேர்ந்து வரும். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெடி வைத்து நொறுக்கி வெளியே கொட்டியதும் காற்றும் மழையும் பட்டு அது கந்தக அமிலமாகத் தொடங்குகிறது. இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறி இந்த வினையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அமிலம் பாறையிலுள்ள செம்பு, காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்து ஓடைக்கு அனுப்பும். ஓடைக் கற்களில் ஆரஞ்சு நிறத்தில் துருப் படியும். பைரைட் தீரும்வரை இது நிற்காது. ரோமானியர்கள் காலத்திலேயே தங்கம் தோண்டிய ரோசியா மோன்டானாவின் பழைய சுரங்க வாய்களிலிருந்து இன்றும் அமில நீர் வடிகிறது.

அப்புறம் நீர்மட்டம். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் தண்ணீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். சுற்றுவட்டார நீர்மட்டம் குழியை நோக்கிச் சரியும், கிணறுகளும் ஊற்றுகளும் வற்றலாம். சுரங்கத்தை மூடி மோட்டாரை நிறுத்தினால் குழி மெல்ல ஏரியாகும். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள பெர்க்லி குழி (அது செம்புச் சுரங்கம்) 1982இல் இறைப்பை நிறுத்திய பிறகு இப்படித்தான் அமில ஏரியானது. 1995இல் அங்கே இறங்கிய பனிவாத்துகள் நூற்றுக்கணக்கில் செத்தன.

பாறை அமிலம் தருமா என்று முன்கூட்டியே சோதிக்கலாம். நொறுக்கிய மாதிரியை ஈரக்காற்றில் வைத்து, வாரம் ஒருமுறை கழுவி, வடியும் நீரை மாதக்கணக்கில் அளப்பார்கள். ஆனால் சோதனைக்கு வருவது சில கிலோ கல், வெளியே கொட்டப்போவது கோடிக்கணக்கான டன். எந்த இடத்து மாதிரி, எத்தனை மாதிரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கையில் வந்தால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.

அடுத்த கேள்வி பணம். சுரங்கம் ஓடுவது பத்து, இருபது ஆண்டுகள். அமில நீரைச் சுத்திகரிக்கும் வேலையோ தலைமுறைகளுக்கு நீளும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சம்மிட்வில் தங்கச் சுரங்கம் 1986இல் தொடங்கியது. 1992இல் நிறுவனம் திவாலானது. சுத்திகரிப்புச் செலவு 15 கோடி டாலரைத் தாண்டியது, அதில் பெரும்பகுதி அரசின் தலையில் விழுந்தது. மூடிய பிறகான செலவுக்கு நிறுவனம் இப்போதே எவ்வளவு வைப்புத்தொகை கட்டுகிறது, அந்தத் தொகை எத்தனை ஆண்டுச் சுத்திகரிப்பைக் கணக்கில் கொண்டது என்று பொதுக் கூட்டத்தில் எழுந்து கேட்டுப் பாருங்கள். சயனைடைப் பற்றிய கேள்விக்குப் பதில் அச்சடித்தே வைத்திருப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் 'பிறகு தெரிவிக்கிறோம்' என்பார்கள்.