கிருமியைத் தேடும் முன் நம் டி.என்.ஏ.வை ஒழிக்க வேண்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனாவைச் சில மணி நேரத்தில் பி.சி.ஆர். காட்டிக்கொடுத்ததே, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் ரத்தத்தில் என்ன கிருமி என்று சொல்ல மட்டும் ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது?"

நியாயமான கேள்வி. கொரோனா தொற்றிய முதல் நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் லட்சக்கணக்கில் மொய்க்கும்; பஞ்சுக் குச்சியை எங்கே தேய்த்தாலும் அகப்படும். ரத்தத்தில் பாக்டீரியா பரவிய பெரியவர்களிடமோ பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்று முதல் பத்து வரைதான் தேறும். ஆளையே சாய்த்துவிடும் நோய்க்கு ஆதாரம் அவ்வளவுதான்.

அதனால்தான் கல்ச்சர் என்ற பழைய முறை இன்னும் ஓய்வு பெறவில்லை. ஊட்டக் கரைசல் உள்ள குப்பி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ரத்தம் விட்டு, உடல் வெப்பத்தில் வைத்து, இருக்கிற ஒன்றிரண்டு பாக்டீரியாவைக் கோடிகளாகப் பெருகவிடுவார்கள். பெருகியதை இயந்திரம் கண்டுகொள்ளவே அரை நாளோ ஒரு நாளோ ஆகும். இனத்தை அடையாளம் காண, எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்க்க, இன்னும் ஒன்றிரண்டு நாள். அதுவரை மருத்துவர் பல இனங்களையும் தாக்கும் ஆன்டிபயாடிக்கை ஊகத்தில் கொடுக்கிறார். காத்திருக்கவும் முடியாது. தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகளே பழுதாகும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் நோயாளிகளில், சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பி.சி.ஆர். எப்படி வேலை செய்கிறது என்பது கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது: தேடும் டி.என்.ஏ. துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கு. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியாகிவிடும். அப்படியானால் ரத்தத்தை நேராக அதில் போட்டால் என்ன? இங்கேதான் நம் உடலே குறுக்கே நிற்கிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மட்டும் சுமார் 40 லட்சம் முதல் 1.1 கோடி வரை. தொற்று வந்தால் அதற்கும் மேலே போகலாம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 600 கோடி எழுத்து டி.என்.ஏ. ஈ.கோலை பாக்டீரியாவின் கணக்கில் இருப்பது 46 லட்சம் எழுத்து. பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தேடும்போது எதிரே அதைப்போல் பல நூறு கோடி மடங்கு மனித டி.என்.ஏ. கொட்டிக் கிடக்கும். போதாக்குறைக்குச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின், டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, மனித அணுக்களை மட்டும் உடைத்து அவற்றின் டி.என்.ஏ.வைத் தீர்த்துக்கட்டுவது. பாக்டீரியாவின் மேல் கீறல்கூட விழக்கூடாது. இதற்குக் கையாளும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சப்போனின். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான். நம் உயிரணுவைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு நிறையக் கொலஸ்ட்ராலைச் செருகி வைத்திருக்கிறது. சப்போனின் மூலக்கூறு அந்தக் கொலஸ்ட்ராலைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து சவ்வில் ஓட்டை போட, அணு வெடித்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே சிந்தும். பெரும்பாலான பாக்டீரியாவின் சவ்விலோ கொலஸ்ட்ராலே கிடையாது. சப்போனினுக்குப் பிடிமானம் இல்லை. அதற்கும் மேல், பாக்டீரியாவைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கான் சுவர் இருக்கிறது. சர்க்கரை இழைகளைப் புரதத் துணுக்குகளால் குறுக்கே பிணைத்த வலை அது. முழுச் சுவரும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம்.

கொலஸ்ட்ரால் என்றாலே வில்லன் என்று பழகிய காதுக்கு, அது இங்கே நம் அணுவையும் கிருமியையும் பிரித்துக் காட்டும் அடையாளமாக இருப்பது வேடிக்கைதான். இனி டி.என்.ஏ.வை நறுக்கும் நொதியை விட்டால், வெளியே சிந்திக் கிடக்கும் மனித டி.என்.ஏ. துண்டு துண்டாகும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. சுவருக்குள் பத்திரம். பிறகு வேகமாகச் சுழற்றிப் பாக்டீரியாவைக் குழாயின் அடியில் படியவைத்து, கழுவி, நறுக்கும் நொதியை ஒழித்துவிட்டு, அதன் பிறகே சுவரை உடைப்பார்கள். இந்த வரிசை மாறினால் தேடிய பொருளையே நறுக்கிவிடுவோம்.

இதில் ஓட்டையும் உண்டு. பெனிசிலின் வகை மருந்துகள் தாக்குவது இதே சுவரைத்தான். மருந்து ஏற்கெனவே ஏறிய நோயாளியிடம் சுவர் நைந்த பாக்டீரியா, மனித அணுக்களோடு சேர்ந்து உடைந்து கணக்கில் வராமல் போகலாம்.

இப்படி ரத்தத்தைத் தயார் செய்யும் வேலைக்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை. ஆராய்ச்சிப் பணம் பளபளக்கும் இயந்திரங்களின் பின்னால் ஓடுகிறது. உப்பையும் நொதியையும் நாள்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இது என் கருத்துதான். ஆனால் இந்தத் துறையில் பந்தயம் பெரும்பாலும் குழாயில்தான் தோற்கிறது, திரையில் அல்ல.

இன்னொரு மூடநம்பிக்கையும் பரவிவருகிறது: இயந்திரம் 'இல்லை' என்றால் இல்லை என்பது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதில் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு 37 சதவீதம். ஐந்து மில்லிலிட்டர் எடுத்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழ். எவ்வளவு நுட்பமான கருவியும் குழாய்க்குள் வராத கிருமியைக் கண்டுபிடிக்காது. எதிர்ப்பக்கத் தொல்லையும் இருக்கிறது. பி.சி.ஆர். நொதியையே பெரும்பாலும் ஈ.கோலையில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் நோயாளியிடம் இல்லாத ஈ.கோலை அறிக்கையில் தலைகாட்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் சில மணி நேரத்தில் இனத்தின் பெயர் கிடைக்கும். மருந்துக்கு அடங்காமல் கிருமியைக் காக்கும் சில எதிர்ப்பு மரபணுக்களும் தெரியும்: ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் மெக்-ஏ மரபணு இருந்தால் பெனிசிலின் வகை மருந்துகளில் பெரும்பாலானவை பலிக்காது. ஆனால் சூடோமோனாஸ் போன்றவை ஒற்றை மரபணுவை நம்பியிருப்பதில்லை. மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளைப் பெருக்கும், நுழையும் வாசல்களைக் குறைக்கும், நொதியால் சிதைக்கும், மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்தும் செய்யும். எந்த மருந்து எந்த அளவில் அதை அடக்கும் என்று அறிய, உயிருள்ள கிருமியை மருந்துக்குள் வளர்த்துப் பார்ப்பதே இன்னும் நம்பகமான வழி. அதனால் பி.சி.ஆர்.-க்கு ரத்தம் எடுக்கும்போதே கல்ச்சர் குப்பிக்கும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.